ஆம்பூர்த் தோலும் ஈயின் ஒற்றைக் காலும்

பேரணாம்பட்டில் ஒரு தோல் மண்டிக்குள் நுழைந்தபோது காலை எட்டு மணி இருக்கும். கார்த்திகை மாதம், முந்தின இரவு நல்ல மழை. லாரியில் வந்து இறங்கிய மாட்டுத் தோல்கள் உப்புத் தடவி, மடித்து, ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அடுக்கின் அடியிலிருந்து உப்புநீர் கசிந்து சிமென்ட் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஈ மொய்க்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அந்த அடுக்குகளில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

"உப்புத் தோலை விடுங்க சார், அந்த மூலைக்கு வாங்க" என்றார் என்னை அழைத்துப்போன விலங்கியல் பேராசிரியை. பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறவர். தோல் வட்டாரத்தின் ஈக்களைப் பிடித்து, இனம் பிரித்து, ஒவ்வொன்றின் டி.என்.ஏ. வரிசையையும் பதிந்து வைக்கும் வேலையை மாணவர்களைக்கொண்டு செய்துவருகிறார். மூலையில், உள்ளூர் ஆட்டுத்தொட்டியிலிருந்து விடிகாலையில் வந்த ஆட்டுத் தோல்கள் உப்புக்காகக் காத்திருந்தன. இன்னும் ஈரம் காயாத பச்சைத் தோல். அதன்மேல்தான் அத்தனையும். ஒரு மாணவி வலையை வீசி ஒரு திருப்புத் திருப்பினாள். உள்ளே நீலமும் பச்சையுமாக மின்னிக்கொண்டு இருபது, முப்பது ஈக்கள்.

ஒன்றைக் குப்பியில் போட்டு லென்ஸோடு என் கையில் கொடுத்தார்கள். தலையில் பாதிக்குமேல் கண்தான். செங்கல் நிறத்தில் இரண்டு பெரிய கண்கள் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தன. மேல்பாதியில் உள்ள கண்ணறைகள் பெரியவை, கீழ்பாதியில் உள்ளவை பொடியானவை. இரண்டுக்கும் இடையே கோடு போட்டதுபோல எல்லை தெரிந்தது. கிரைசோமையா மெகாசெஃபாலா இனத்தின் ஆண் என்பதற்கு அதுவே அடையாளம் என்றார் பேராசிரியை. இந்த ஆணை லென்ஸ் இருந்தால் யாரும் சொல்லிவிடலாம். பெண்ணுக்கு இந்த எல்லைக்கோடு கிடையாது. அதன் நெருங்கிய உறவான கிரைசோமையா பெஸ்ஸியானாவும் இதே நீலப்பச்சைதான். ஆனால் பிழைப்பு வேறு. மெகாசெஃபாலா செத்த உடலிலும் இறைச்சியிலும் மலத்திலும் முட்டையிடும். பெஸ்ஸியானா உயிரோடு நிற்கும் மாட்டின் புண்ணைத் தேடிப்போய் முட்டையிடும். அதன் புழுக்கள் உயிருள்ள சதையைத் தின்று புண்ணைக் குடைந்து ஆழமாக்கும். மாட்டுப் புண்ணிலிருந்து எடுத்த ஒரு சின்னப் புழுவைக் கையில் வைத்துக்கொண்டு இது இரண்டில் எது என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. அதற்குத்தான் டி.என்.ஏ.

குப்பிக்குள் ஒரு துண்டுக் காகிதமும் போகிறது: ஊர், இடம், தேதி, பிடித்தவர் பெயர். எழுதுவது பென்சிலில். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துபோகும். எந்த ஈ, எங்கே, என்றைக்கு என்பது தெரியாவிட்டால் குப்பியில் இருப்பதற்கு மதிப்பே இல்லை என்று மாணவர்களுக்கு அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். "ஈ செத்தாலும் பரவாயில்லம்மா, லேபிள் சாகக்கூடாது."

அந்த மண்டியில் தோல் தரம் பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார். செலக்டர் என்பார்கள். எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் பாய் என்றே கூப்பிட்டேன். விரித்த தோலின்மேல் உள்ளங்கையை ஒரு முறை ஓட்டினால் போதும், மாட்டின் கதை முழுவதையும் சொல்வார். இது உண்ணித் தழும்பு, இது முள்கம்பி கிழித்தது, இது அம்மை, இது உரிக்கும்போது கத்தி இறங்கியது. அன்றைக்கு வந்த அடுக்கிலிருந்து ஒரு தோலை இழுத்து, சதைப்பக்கம் மேலே தெரியும்படி விரித்தார். முதுகெலும்பு ஓடிய இடத்தின் இருபுறமும், வரிசை தப்பாமல், பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டைகள்.

"இது நம்மூர் மாடு இல்ல சார். வடக்கத்தி தோல். குளிர் காலத்துல வர்ற தோல்லதான் இந்த ஓட்டை. நம்ம பக்கத்து மாட்டுக்கு இது வராது."

"உள்ளே புழு பார்த்திருக்கீங்களா பாய்?"

"காய்ஞ்சு போன புழு எத்தனையோ வாட்டி பார்த்திருக்கேன். எடுத்து வீசிடுவோம். ஓட்டை விழுந்த இடத்துக்கு விலை இல்ல. அதுவும் முதுகு பார்த்து விழுது பாருங்க, ஷூவுக்கு நல்ல பீஸ் வெட்டுற இடமே அதுதான்."

பாய் காட்டியது ஹைப்போடெர்மா என்ற ஈயின் வேலை. இதன் வாழ்க்கையை அறிந்தபோது எனக்கு உடம்பு கூசியது. வளர்ந்த ஈ கடிப்பதில்லை, தின்பதுமில்லை. அதற்கு வேலைசெய்யும் வாயே இல்லை. சில நாள் உயிரோடிருந்து, மாட்டின் கால் மயிரில் முட்டைகளை ஒட்டிவிட்டுச் செத்துப்போகும். பொரித்த புழு தோலைத் துளைத்து உள்ளே போய் மாதக்கணக்கில் உடலுக்குள் பயணம் செய்கிறது. ஹைப்போடெர்மா லினியேட்டம் உணவுக்குழாயின் சுவரில் தங்கும், ஹைப்போடெர்மா போவிஸ் முதுகுத்தண்டின் பக்கம் போகும். கடைசியில் இரண்டும் முதுகுத் தோலுக்கு அடியில் வந்து சேர்ந்து, மூச்சுவிட ஓட்டை போட்டுக்கொள்கின்றன. முற்றியதும் ஓட்டை வழியே வெளியே விழுந்து மண்ணில் கூடாகின்றன. இந்தியாவில் இது வடக்கு, வடமேற்கு மாநிலங்களின் பிரச்சினை. ஆனால் நஷ்டக் கணக்கு எழுதப்படுவது ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும். தோல் எங்கிருந்து வந்தாலும் விரித்துப் பார்ப்பது இங்கேதானே.

ஆட்டுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. அதன் பெயர் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் இருக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றிய வால்டர் ஸ்காட் பாட்டன், கிராக் என்பவரோடு சேர்ந்து 1913-ல் மருத்துவப் பூச்சியியலுக்கு ஒரு பெரிய பாடநூல் எழுதினார். அவர்தான் 1922-ல், இந்திய ஆடுகளின் முதுகைத் துளைக்கும் ஈயைத் தனி இனம் என்று கருதி கிராஸி என்று பெயர் சூட்டினார். மத்தியதரைக்கடல் பக்கத்து ஆடுகளில் இருப்பதற்கு சிலேனஸ், ஏகேக்ரி என்று வேறு பெயர்கள். புழுவின் முள்வரிசையைப் பார்த்துப் பார்த்து இவை மூன்றா, ஒன்றா என்று பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. 2000-களில் இத்தாலிய ஆய்வாளர்கள் இவற்றின் ஒரே ஒரு மரபணுவை எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். மூன்றும் ஒரே இனம் என்பதற்கான சான்று கிடைத்தது. பாயிடம் இதைச் சொன்னேன். "ஓட்டை ஒரே மாதிரிதானே சார் இருக்கு, எனக்கு அப்பவே தெரியும்" என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது.

மண்டியிலிருந்து டேனரிக்குப் போனோம். ஈ எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்துக்கொண்டே நடந்தால் தோல் பதனிடும் வேலை முழுவதும் புரிந்துவிடுகிறது. தோலை ஊறவைத்து உப்பைப் போக்கும் இடத்தில் வீட்டு ஈ நிறைய. சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அந்தக் காரத்தில் புழு பிழைக்காது. சதைச் சவ்வு வழித்துக் கொட்டிய குவியலில், சுண்ணாம்பு ஏறாதது கிடந்தால் பச்சை ஈ மறுபடி வந்துவிடுகிறது. குரோம் டிரம்மிலிருந்து வெளியே வரும் வெளிர்நீல வெட் புளூவை எந்த ஈயும் திரும்பிப் பார்ப்பதில்லை. குரோமியம் பிணைந்தபின் தோலின் புரதம் புழுவுக்குத் தீனியாக இருப்பதில்லை. பதனிடுவது என்றால் என்ன என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெளியே வடிகால். பாலாற்றுப் படுகையின் தோல் கழிவுநீரைப் பற்றி 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தையே மாற்றிய தீர்ப்பு அது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் அடங்கியதே என்று அது உறுதிசெய்தது. தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதை ஆய்வுக்கூட எண்களால் மட்டுமல்ல, அதில் வாழும் ஈக்களாலும் சொல்லலாம். மாணவன் ஒருவன் வடிகால் சேற்றைச் சல்லடையில் அலசினான். ரத்தச் சிவப்பில் நூல்போன்ற புழுக்கள் நெளிந்தன. கடிக்காத கொசு என்று சொல்லத்தக்க கைரோனோமிட் ஈக்களின் புழுக்கள். நம் ரத்தத்தில் இருப்பதுபோல இவற்றின் உடலிலும் ஹீமோகுளோபின் உண்டு. பிராணவாயு குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்க அது உதவுகிறது. இந்தக் குடும்பத்தில் எந்த இனம் இருக்கிறது என்பதை வைத்து நீரின் நிலையைச் சொல்லிவிட முடியும். ஆனால் புழுவாக இருக்கும்போது இனம் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம். அதனால்தான் உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் டி.என்.ஏ. முறை இவ்வளவு வேகமாகப் பரவியது. பாலாற்றுக்கு இப்படி ஒரு பட்டியல் வேண்டும். எந்த இடத்தில் எந்தப் புழு, எந்த வருடம் வந்தது, எந்த வருடம் போனது என்று. சுத்திகரிப்பு நிலையத்தின் அறிக்கையோடு அதைச் சேர்த்துப் படிக்கும் நாள் வந்தால் ஆற்றைப் பற்றி ஏமாற்ற முடியாது.

பொழுது சாயும் நேரத்துக்குப் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் மாட்டுக்கொட்டகைக்குப் போனோம். பின்னால் நெல் வயல். கொட்டகைக்காரம்மா, "கொசு பிடிக்கவா வந்தீங்க, மூட்டை மூட்டையா கொண்டு போங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போனார். கொசுவும் ஈதான். இரண்டே சிறகு, பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குமிழ்போன்ற சிறு உறுப்பு, அவ்வளவுதான் ஈக்கூட்டத்துக்கு இலக்கணம். மாணவர்கள் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை ரப்பர் குழாயோடு வாயில் வைத்து, டார்ச் வெளிச்சத்தில் கூரை ஓலையிலும் சுவரிலும் உட்கார்ந்திருந்த கொசுக்களை உறிஞ்சிப் பிடித்தார்கள். குழாயின் நடுவே துணி இருப்பதால் கொசு வாய்க்குள் வராது.

இந்த வேலை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஆனால் இங்கேயே வாழும் பலருக்கு அது தெரியவில்லை. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், வேலூரில். அன்றைக்கு இது வட ஆற்காடு மாவட்டம். வைரஸைச் சுமப்பது நெல் வயல் தண்ணீரில் பெருகி, மாட்டைத் தேடிவரும் கியூலெக்ஸ் விஷ்ணுவை கூட்டத்துக் கொசுக்கள் என்பது பின்னர் உறுதியானது. ரேச்சல் ரூபன் என்ற பூச்சியியல் அறிஞர் இந்த மாவட்டத்தின் கொசுக்களை ஊர் ஊராகச் சேகரித்து, பருவத்துக்குப் பருவம் எண்ணி, 1971-ல் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். எந்த மாதம் எந்தக் கொசு பெருகுகிறது, எங்கே உட்காருகிறது, யாரைக் கடிக்கிறது என்று அத்தனை பொறுமையான வேலை. பின்னாளில் மதுரையில் ஐ.சி.எம்.ஆர். மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்துக்கு இயக்குநராக இருந்தார். அவரும் தெவாரி, ஹிரியன் முதலியோரும் சேர்ந்து 1994-ல் வெளியிட்ட படக் கையேட்டைத் தென்கிழக்கு ஆசியா முழுவதும் இந்தக் கொசுக்களைப் பிரித்தறியப் பயன்படுத்துகிறார்கள். வேலூர்க்காரர்கள் பெருமைப்பட வேண்டிய பெயர் இது. நம் பள்ளிப் பாடங்களில் ரூபனின் பெயர் இடம்பெற வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

விஷ்ணுவை, சூடோவிஷ்ணுவை, டிரைட்டேனியோரின்கஸ் ஆகிய மூன்றும் ஒரே கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். மூன்றுக்கும் மூக்குக்குழலில் வெள்ளைப் பட்டை. தொடையிலும் தலையிலும் உள்ள செதில்களின் நிறத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். உறிஞ்சிப் பிடித்த குழாயிலேயே பாதிச் செதில் உதிர்ந்துவிடுகிறது. இப்படிச் செதில் உதிர்ந்த கொசு ஒன்றை லென்ஸில் காட்டி, "இப்போ சொல்லுங்க சார், இது எது?" என்று கேட்டார் பேராசிரியை. பதில் அதன் காலில் இருந்தது.

அந்தக் காலை என்ன செய்கிறார்கள் என்று பார்க்க அடுத்த வாரம் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். கொசுவின் ஒரே ஒரு காலை நுண்ணிடுக்கியால் கிள்ளி எடுத்துச் சின்னக் குழாயில் போடுகிறார்கள். மற்ற ஐந்து கால்களோடு உடல் முழுவதும் பத்திரமாக ஊசியில் குத்தப்பட்டுப் பெட்டிக்குள் போகிறது. நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் உடலை எடுத்துப் பார்க்கலாம். காலை நொதியில் ஊறவைத்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். அதில் மைட்டோகாண்டிரியாவில் உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை மட்டும் பி.சி.ஆர். எந்திரத்தில் கோடிக்கணக்கில் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்டிரியா நிறைய இருப்பதால் கொசுவின் கால்கூடத் தாராளமாகப் போதும். எல்லா விலங்குகளிலும் இருப்பது, இனத்துக்குள் ஏறக்குறைய ஒன்றுபோலவும் இனத்துக்கு இனம் வேறாகவும் இருப்பது என்பதால் இந்தத் துண்டையே விலங்குகளுக்கெல்லாம் பார்கோடாக வைத்துக்கொள்ளலாம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துப் பால் ஹெபர்ட் 2003-ல் முன்வைத்தார்.

பெருக்கிய துண்டுகளை ஜெல்லில் ஓட்டியபோது இருட்டறையில் ஒளிரும் பட்டைகள் தெரிந்தன. வந்தவற்றை மட்டும் வரிசை படிக்க வெளி நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு மாதிரிக்குச் சில நூறு ரூபாய். முந்தைய தொகுதியின் முடிவுகளைக் கணினியில் திறந்து காட்டினாள் மாணவி. மலைத்தொடர் வரைந்ததுபோல நான்கு நிறத்தில் சிகரங்கள். ஏ பச்சை, டி சிவப்பு, சி நீலம், ஜி கறுப்பு. திரை முழுக்கப் பச்சையும் சிவப்புமாகவே இருந்தது. ஈக்களின் இந்த மரபணுவில் ஏ-யும் டி-யும்தான் மிகுதி. அந்த எழுத்துகளை உலகப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுத் தேடினாள். மண்டியில் பிடித்த ஒரு பெண் ஈக்குச் சில நொடியில் மெகாசெஃபாலா என்று வந்தது. இன்னொரு மாதிரி, சாம்பல் நிறக் கட்டங்கள் போட்ட உடலுள்ள சதை ஈ. அதற்கு சார்க்கோஃபேகா என்ற பேரினப் பெயர் மட்டுமே வந்தது. பொருந்தும் வரிசை தளத்தில் இல்லை. அதே ஈ ஆணாக இருந்தால் இனப்பெருக்க உறுப்பை வெளியே இழுத்துப் பார்த்து நிபுணர் பெயர் சொல்லிவிடுவார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. எந்திரம் எழுத்துகளைத்தான் கொடுக்கிறது. அவற்றுக்குப் பெயர் கொடுப்பது முன்பு யாரோ ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, இது இன்னது என்று உறுதிசெய்து, அதன் காலைக் கிள்ளிப் பதிந்து வைத்த உழைப்பு. 2007-ல் இந்தியக் கொசுக்களுக்கு முதல் பெரிய பார்கோடுப் பட்டியலை பிரதீப் குமார், ராஜவேல், நடராஜன், ஜம்புலிங்கம் ஆகியோர் வெளியிட்டார்கள். 63 இனங்களில் 62-ஐ இந்த மரபணுத் துண்டால் சரியாக அடையாளம் காண முடிந்தது. பிரிக்க முடியாமல் நின்ற ஜோடியில் ஒன்று போர்ட்டோநோவோவென்சிஸ். நம் பரங்கிப்பேட்டையின் பழைய பெயரைத் தாங்கிய கொசு. அதற்குப் பெயர் வைத்தவர்கள் அதே தெவாரியும் ஹிரியனும். உலகத்தரமான அந்த வேலை நடந்ததற்குக் காரணம், கொசுவைக் கண்ணால் அறிந்தவர்கள் அந்த அணியில் இருந்தார்கள் என்பதுதான்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. உல்பாக்கியா என்ற பாக்டீரியா தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகிறது. மைட்டோகாண்டிரியாவும் அதே வழியில்தான் போகிறது. ஆகவே இந்த பாக்டீரியா தொற்றிய கூட்டங்களில் வரிசை திசைமாறிக் காட்டும். மரபணுவின் செத்துப்போன நகல் உட்கருவில் ஒளிந்திருந்து தவறான எழுத்தைத் தருவதும் உண்டு. கண்ணும் எந்திரமும் ஒன்றையொன்று சோதிக்கும் இடத்தில்தான் நம்பகமான பெயர் பிறக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் எந்திரத்துக்குப் பணம் ஒதுக்குகின்றன. ஈயைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஆளை வளர்க்கப் பணம் ஒதுக்குவதில் மனமில்லை. இது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

பசிபிக் கடலில் மூரியா என்ற தீவில், கண்ணுக்குத் தெரியும் ஒவ்வோர் உயிரினத்துக்கும் பார்கோடு எடுத்துவிடுவது என்று ஒரு திட்டம் 2008 வாக்கில் தொடங்கியது. தீவில் செய்வதற்கு வசதி இருக்கிறது. சுற்றிலும் கடல் என்பதால் எல்லை தெளிவு. ஆம்பூர் அதற்கு நேர்மாறு. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் தோல் வருகிறது, தோலோடு புழுவும் வருகிறது. பாலாற்று வயலில் விவசாயிகள் ஆனைக்கொம்பன் என்று பெயரிட்டு அறிந்துவைத்திருக்கும் சிறு ஈயும் இருக்கிறது. அதன் குடும்பத்தில் கனடாவில் மட்டுமே 16,000 இனங்கள் இருக்கலாம் என்று 2016-ல் ஹெபர்ட் குழு பார்கோடு வைத்து மதிப்பிட்டது. உள்ளே வருவது எது, இங்கேயே இருப்பது எது என்று பிரிப்பதுதான் இந்த வட்டாரத்தின் வேலை.

கிளம்பும் முன் பேராசிரியை ஒரு பை நிறைய மூடிபோட்ட குப்பிகளை என்னிடம் தந்து, பேரணாம்பட்டு வழியாகப் போகும்போது பாயிடம் கொடுத்துவிடச் சொன்னார். ஒவ்வொன்றிலும் பாதி வரை ஆல்கஹால், உள்ளே வெற்றுக் காகிதத் துண்டு, பைக்குள் நான்கைந்து பென்சில். மண்டியில் பாய் அவற்றை வாங்கி எண்ணிப் பார்த்தார்.

"ஓட்டைக்குள்ள புழு இருந்தா இதுல போடணும், அவ்வளவுதானே?"

"லாரி எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தத் தேதி என்று துண்டில் எழுதணும் பாய். மாட்டுத் தோலா, ஆட்டுத் தோலா என்றும்."

"பில்லுல ஊர் பேர் கான்பூர்னுதான் இருக்கும் சார். மாடு எந்த ஊருன்னு டிரைவரைக் கேட்டாத்தான் தெரியும்" என்றவர், கிடங்குப் பையனைக் கூப்பிட்டு, இனிமேல் வடக்கத்தி லாரி வந்தால் இறக்குமுன் தனக்குச் சொல்லும்படி உருதுவில் உத்தரவு போட்டார்.